விழித்திருப்போரின் விழா

வீட்டில் ஒருவர் கடும் நோயுற்றிருக்கையில் கிறிஸ்து பிறப்பு விழா வருகிறது. விண்மீன் ஏற்றினால் அன்புக்குத் துரோகமோ என அஞ்சுகிறோம். ஏற்றாவிடில், 'என்னால்தானே இந்த இருள்' என நோயாளர் வருந்துவார். நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்ல இயலாத ஏக்கமும் சேர்ந்துகொள்கிறது.

லூக்கா நற்செய்தியை நினைத்துப் பார்ப்போம். மீட்பரின் பிறப்பு முதலில் அறிவிக்கப்பட்டது, இரவில் கிடை காத்த இடையருக்கே. அவர்கள் விழாவுக்காக விழித்திருக்கவில்லை; தம்மை நம்பியிருந்த உயிர்களுக்காக விழித்திருந்தனர். மருந்து வேளைக்காகக் கட்டிலருகே காத்திருப்பவரும் அவர்களுக்கு இனமே.

திருச்சபையும் இதை உணர்ந்துள்ளது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் எண், நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பிலிருந்து நோயாளரோடு அவரைப் பேணுவோரையும் விடுவிக்கிறது. பணிவிடையும் ஒரு தயாரிப்பே என நாம் அதில் காண்கிறோம்.

ஆதலால் நோயாளரையே கேட்போம். விரும்பினால், படுத்தபடியே காணுமாறு சிறு குடில் அமைப்போம். பங்குத்தந்தையிடம் சொல்லி நற்கருணை கொணரச் செய்வோம். வேண்டாமெனில் விளக்கு எரியாதிருக்கட்டும்; விழா குறைந்துவிடாது. கண்ணீர் வந்தால் மறைக்கவும் வேண்டா. விடுதியில் இடமின்றிப் பிறந்த பாலனுக்கு நம் வீட்டு நிலை புதிதன்று.