நடந்த கதைக்கு நுழைவுக் கட்டணம்

நடந்த ஒரு துயரத்தை நாடகமாக்கி அதைப் பார்க்கக் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வி, பெரும்பாலும் விலையைப் பற்றிய பேச்சாகவே தொடங்குகிறது. மண்டபத்தை விட்டு வெளியே வருபவர்கள் இந்தக் காசுக்கு இது தகுமா என்கிறார்கள். அதே மூச்சில், உண்மையாகவே இப்படித்தான் நடந்ததா என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வரும். கற்பனைக் கதைக்குக் காசு கொடுத்தவர் ஓர் இரவுப் பொழுதை வாங்கினார் என்று சொல்லிவிடலாம். இன்னொருவர் பட்ட பாட்டைப் பார்க்கக் காசு கொடுத்தவர் எதை வாங்கினார்? மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். நாடகம் பார்ப்பதென்பது அங்கே நெடுங்காலம் காசு கொடுத்துச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. நாடகமாக்கக்கூடிய துயரத்துக்கோ குறைவில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் உள்ள ஊர்களில் வடமோடி, தென்மோடி என இரு வகைக் கூத்துகள் ஆடப்படுகின்றன. வேளாண்மை வெட்டி முடிந்து, வீட்டில் நெல்லும் கையில் ஓய்வும் இருக்கும் காலத்தில் கூத்துப் பழகத் தொடங்குவார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானமான பின், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நல்ல நாள் பார்த்து, அவரவர் பகுதி எழுதிய ஏடான சட்டத்தைக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஏறி அரங்கேற்றத்துக்கு வரும். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றிச் சனம் பாய் விரித்து இருக்கும். மத்தளமும் சல்லாரியும் விடியும்வரை ஓயாது. வாசல் என்று ஒன்று இல்லாததால் சீட்டுக் கிழிப்பவரும் இல்லை.

அதற்காகச் செலவே இல்லை என்று ஆகிவிடாது. அண்ணாவியாருக்குச் செய்யும் மரியாதை, உடுப்பு, களரி, வெளிச்சம், பழக்க நாட்களின் தேநீர் என்று எல்லாமே காசுதான். அதில் பெரும்பகுதியை ஆடுபவர்களும் அவர்கள் வீட்டாருமே சுமக்கிறார்கள். கரப்புடுப்பும் முடியும் தரித்துப் பிள்ளை களரிக்கு வரும்போது மாமனும் மச்சானும் சால்வை போர்த்துக் காசு கொடுப்பதும் உண்டு. அரங்கேற்றம் முடிந்த பிறகு கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டார் தம்மால் இயன்றதைக் கொடுப்பார்கள். ஆக, பார்ப்பவர் முன்கூட்டியே கொடுப்பதில்லை. பார்த்த பிறகு, தம் முற்றத்தில் வைத்து, தாமே நிர்ணயித்த அளவில் கொடுக்கிறார். ஆடுபவரோ தம் செலவில் ஊருக்கு ஒன்றைச் செய்கிறார். இதை வியாபாரம் என்பதைவிட நேர்த்தி என்பது பொருந்தும்.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேசுவது எளிது, ஆனால் சரியல்ல. எந்தக் குலத்தார் எந்தக் களரியில் ஆடலாம், பெண்கள் ஆடலாமா என்ற கேள்விகளுக்கு மரபு கொடுத்த பதில்கள் இன்று எவருக்கும் பெருமை தருபவை அல்ல. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பார்சி நாடகப் பாணியில் வந்த தென்னிந்தியக் குழுக்கள் இலங்கையில் கொட்டகை போட்டுச் சீட்டு விற்றன. அந்தச் சீட்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: காசு கொடுத்தவரின் குலத்தை அது விசாரிக்கவில்லை. என்ன, காசு இல்லாதவரையும் அது விசாரிக்கவில்லை.

களரியில் ஆடப்படும் பாரதக் கதை நடந்ததா என்று அதைச் சுற்றி இருப்பவர்கள் கேட்பதில்லை. கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவத்தில் பாண்டவர் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுகிறான், கடைசியில் தீமிதிப்பு நடக்கிறது. பாண்டவராகவும் திரௌபதையாகவும் வருபவர்கள் நோன்பிருப்பவர்கள். அவர்கள் தெருவில் போகும்போது சனமும் கூடவே போகிறது. பார்ப்பவர் யார், பங்குகொள்பவர் யார் என்று பிரிக்கும் கோடு எங்கும் இல்லை. தீக்குழியில் இறங்குபவருக்கு அந்தக் கதை எந்த நூற்றாண்டில் நடந்தது என்பது ஒரு பொருட்டா? காந்தியின் தன்வரலாற்றில் இதற்கு இணையான ஓரிடம் உண்டு. சிறுவயதில் பார்த்த அரிச்சந்திர நாடகம் தம்மை அழவைத்ததையும், எல்லோரும் ஏன் அவனைப் போல வாய்மையோடு இருக்கக் கூடாது என்று தமக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டதையும் அவர் எழுதுகிறார். அரிச்சந்திரன் வரலாற்று மனிதனாக இருந்திருக்க முடியாது என்று பின்னாளில் அவரது அறிவு சொன்னது. ஆனாலும் அவன் தமக்கு உயிருள்ளவனாகவே இருக்கிறான் என்கிறார். நாடகத்தின் உண்மை சான்றுகளைச் சார்ந்ததல்ல என்ற இந்த நிலைப்பாடு, கூத்துப் பார்க்கும் எந்தக் கிழவிக்கும் புதிதாக இராது.

சிக்கல், கதையில் வருபவர்களோ அவர்களின் பிள்ளைகளோ பார்வையாளர் நடுவில் இருக்கும்போதுதான் எழுகிறது. நாட்டிய சாத்திரத்தின் முதல் அத்தியாயமே இந்தச் சிக்கலில்தான் தொடங்குகிறது. முதன்முதலாக ஆடப்பட்ட நாடகம் அசுரர்களைத் தேவர்கள் வென்ற கதை. பார்க்க வந்திருந்த அசுரர்களுக்குத் தங்கள் தோல்வி கொண்டாட்டமாகக் காட்டப்பட்டது பொறுக்கவில்லை. விரூபாட்சன் தலைமையில் அவர்கள் கலகம் செய்தார்கள். நடிகர்களுக்குப் பேச்சும் அசைவும் நினைவும் தடுமாறிப் போயின. இந்திரன் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி அடித்தான். ஆனால் அடியால் விவகாரம் தீரவில்லை. பிரமன் அசுரர்களை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. நாடகம் உங்களுக்கோ தேவர்களுக்கோ மட்டும் உரியதல்ல, மூவுலகின் நிலைகளையும் அது எடுத்துச் சொல்கிறது என்று அவன் சமாதானம் சொல்கிறான். நான்கு வேதங்களையும் கேட்க அனுமதிக்கப்படாதவர்களுக்கும் சேர்த்தே ஐந்தாவதாக நாட்டிய வேதம் படைக்கப்பட்டது என்றும் அந்த நூல் கூறுகிறது. நடந்ததை நடித்துக் காட்டுபவர் தோற்றவனின் கண்ணாலும் பார்த்தாக வேண்டும் என்ற கடமையும், நாடகம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்ற கடமையும் இப்படி ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

பின்வந்த உரையாசிரியர்கள் வேறொரு பக்கமாக யோசித்தார்கள். மேடையில் காணும் துயரம் ஏன் சுவையாகிறது என்று கேட்ட பட்டநாயகர், அங்கே துயரம் பொதுவாகிவிடுகிறது என்று விடை சொன்னார். அது என்னுடையதும் அல்ல, பக்கத்தில் இருப்பவருடையதும் அல்ல, மேடையில் நிற்பவருடையதும் அல்ல. யாருடையதும் அல்லாததால் அதைச் சுவைக்க முடிகிறது. வடமொழி நாடக இலக்கண மரபைத் தமிழருக்கு நெருக்கமாக்கியவர், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1926இல் வெளியான ‘மதங்க சூளாமணி’யில் அவர் தனஞ்சயரின் தசரூபகத்தையும் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தார். சுவைக் கொள்கை அபிமன்யுவின் சாவுக்கு நன்றாகவே பொருந்தும். போன தலைமுறையில் பெயரும் ஊரும் தெரிந்த ஒருவர் கொல்லப்பட்ட கதைக்கு அது எளிதில் பொருந்தாது. அவருடைய தங்கை மூன்றாம் வரிசையில் இருக்கும்போது, அந்தத் துயரம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கிரேக்கர்கள் இதைப் பட்டறிந்தவர்கள். கி.மு. 494இல் பாரசீகர் மிலேத்தஸ் நகரை அழித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பிரீனிக்கஸ் என்ற நாடகாசிரியர் அதை ஏதென்ஸ் அரங்கில் ஏற்ற, அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதிக்கப்பட்டது. அந்த நாடகத்தை இனி எவரும் ஆடக் கூடாது என்றும் தடை வந்தது. கி.மு. 472இல் எஸ்கிலஸ் சலாமிஸ் போரில் தோற்ற பாரசீகரின் புலம்பலை நாடகமாக்கினார். அதற்குப் பரிசு கிடைத்தது. எதிரியின் துயரத்துக்குப் பரிசும் தன் துயரத்துக்குத் தண்டமும் கொடுத்த நகரம் அது. எனினும் கட்டண விடயத்தில் அந்நகரம் எடுத்த முடிவு இன்றும் கவனிக்கத் தக்கது. அரங்கில் இருக்கை இரண்டு ஒபோல். அதைக் கொடுக்க முடியாத குடிமக்களுக்காக, தியோரிகோன் என்ற பொது நிதியிலிருந்து அரசே காசு கொடுத்தது. நாடகம் பார்ப்பது குடிமைக் கடமையின் பகுதி என்று கருதியதால்தான் அந்த ஏற்பாடு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்தக் குடிமை இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பௌத்தம் கூத்தனையே கூண்டில் ஏற்றுகிறது. சங்யுத்த நிகாயத்தில் தாலபுடன் என்ற நாடகக் குழுத் தலைவன் புத்தரிடம் வந்து ஒரு கேள்வி கேட்கிறான். மெய்யும் பொய்யும் கலந்து சனத்தைச் சிரிக்கவைக்கும் நடிகன் இறந்தபின் சிரிக்கும் தேவரோடு பிறப்பான் என்று எங்கள் ஆசான்கள் சொல்கிறார்களே, அது சரியா என்பது அவன் கேள்வி. புத்தர் பதில் சொல்ல மறுக்கிறார், அவன் விடவில்லை. கடைசியில் அப்படிப்பட்ட நடிகன் போகுமிடம் நரகம் என்கிறார். ஏற்கெனவே ஆசையும் வெறுப்பும் மயக்கமும் தீராத மனங்களில் நடிகன் அவற்றை மேலும் ஏற்றுகிறான் என்பதே காரணம். தாலபுடன் அழுகிறான், நெடுங்காலம் ஏமாற்றப்பட்டேன் என்று. பின்பு துறவியாகிறான். மெய்யான கதை என்பதை ஒரு சாக்காகப் புத்தர் ஏற்கவில்லை என்பது இங்கே முக்கியம். மெய்யைச் சொல்லியும் வெறுப்பை வளர்க்கலாம். இனப் போர் கண்ட தீவில் இதை அறிய நூல் எதுவும் தேவையில்லை.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆ, ஹுசைனியா ஆகிய இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, மட்டக்களப்பு நகரின் வடக்கே சத்துருக்கொண்டானிலும் அயல் ஊர்களிலும் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள், குழந்தைகள் உட்பட 180க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஐந்து கிழமைதான். நகரின் இரு பக்கங்களில், ஒரே வாவியின் கரையோர ஊர்கள். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு நாடகம் செய்தால் அதில் ஒரு பொய்யும் இல்லாமல் இருக்கலாம். என்றாலும் அது விரூபாட்சனைக் கலகத்துக்கு அழைக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்தால், இரு ஊராரும் ஒரே மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டிவரும். அப்போது வாசலில் என்ன விலை எழுதி வைப்பது என்பது கணக்குப்பிள்ளையின் வேலையாக மட்டும் இராது.

கூத்து மேடைக்கு வந்த வரலாறும் இங்கே சேர்கிறது. நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் மரபு வடிவைக் கொண்டு சிங்கள நாடகத்துக்குச் செய்ததைப் பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இல் மேடையேறியது. அதில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தவர். விடியும்வரை ஆடியது ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தது. கூத்துக்கு நாடு தழுவிய மதிப்பும் கிடைத்தது. ஆனால் பாயில் இருந்தவர் நாற்காலிக்கு மாறியபோது, வீட்டுக்கு வீடு ஆடுதல் என்ற கடைசிப் பகுதி உதிர்ந்துபோனது. 2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கிராமத்தாரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் எதிர்த் திசையில் நடந்தது. கூத்தைக் களரியிலேயே வைத்து, அதில் பெண்ணும் சாதியும் காட்டப்படும் விதத்தை ஆடுபவர்களே பேசி மாற்றும் முயற்சி அது. கதை யாருக்கு உரியதோ அவர்களிடமே அதைத் திருத்தும் உரிமையைக் கொடுத்தது அதன் சிறப்பு.

புலம்பெயர்ந்த இடங்களில் நிலைமை வேறு. எஸ். சக்திதரன் எழுதிய ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ அவரது குடும்ப வரலாற்றை அடியொற்றிய நாடகம். கணிதப் பேராசிரியராகவும் அரசியல்வாதியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவருடைய பூட்டன். 2019இல் பெல்வார் நாடகக் குழு அதைச் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேற்றியது. பதினாறு நடிகர்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளம், பல மொழிகள். 2024இல் அது நியூயோர்க் போயிற்று. அங்கே அதைக் கொண்டுவந்தது பப்ளிக் தியேட்டர். அதே நிறுவனம் 1962 முதல் சென்ட்ரல் பார்க்கின் டெலகோர்ட் அரங்கில் சேக்சுபியரை இலவசமாகக் காட்டிவருகிறது. நானூறு ஆண்டுப் பழைய இங்கிலாந்து மன்னர்களின் கதைக்குக் கட்டணம் இல்லை; நேற்று நாடிழந்தவர்களின் கதைக்கு உண்டு. இதில் சதி ஒன்றும் இல்லை. பதினாறு பேரின் சம்பளமும் பயணமும் தங்குமிடமும் யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். சேக்சுபியருக்குக் கொடுக்கப் புரவலர்கள் இருக்கிறார்கள்.

கட்டணம் வாங்குவதே பாவம் என்று சொல்வதற்கில்லை. நடிகனும் மத்தளக்காரனும் விளக்குப் பிடிப்பவனும் வயிறு உள்ளவர்கள். இலவசம் என்ற பெயரில் அவர்களைக் கடனாளியாக்குவதில் எந்தத் தர்மமும் இல்லை. டிக்கெட் அவர்களின் உழைப்புக்கான கூலி. அது கதைக்கான விலை ஆகாது. கதையைக் கொடுத்தவர் அதை விற்கவில்லை. ஆகவே நடந்த துயரத்தை நாடகமாக்குபவர்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கலாம். எழுதுமுன் அந்த ஊராரிடம் போய்க் கேட்க வேண்டும். முதல் ஆட்டத்தை அவர்கள் ஊரிலேயே, வாசல் இல்லாத களரியில் ஆட வேண்டும். பிறகு நகர மண்டபத்துக்குப் போய் விரும்பிய விலைக்குச் சீட்டு விற்கலாம். ஆனால் அந்தக் கதையில் செத்தவர்களின் வீட்டார் எவர் வந்தாலும், எந்த இனத்தவரானாலும், அவரிடம் சீட்டுக் கேட்கக் கூடாது.