பூசலாரும் மேல்பாதியும்

விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் போகிற வழியில் இருக்கிறது கெடார். அங்கே ஒரு கூத்து வாத்தியார், திண்ணையில் உட்கார்ந்து கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரே சீடன்.

"2020-ல் கொரோனாவால திரௌபதி அம்மனுக்குப் பாரதம் இல்லை, படுகளம் இல்லை, தீமிதி இல்லை. மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலும் நின்னுபோச்சு. அந்த வருஷம் நீங்க யாரைக் கும்பிட்டீங்க வாத்தியாரே?"

"இதைத்தான்" என்று கிரீடத்தைத் தூக்கிக் காட்டினார். "காலையில எடுத்துத் துடைப்பேன். கர்ணன் பாட்டை மாட்டுக் கொட்டகையில நின்னு பாடுவேன். மாடுதான் சபை."

பிறகு பூசலார் கதைக்குப் போனார். திருநின்றவூர்க்காரர், சிவனுக்குக் கோயில் கட்டக் கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே அடித்தளம் போட்டு, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். நாளைத் தள்ளிவை என்று சிவன் மன்னன் கனவில் சொன்னதாகப் பெரியபுராணம் பாடுகிறது. மனசுக் கோயிலிலும் பூசலார் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார், ஒரு கல்லையும் விட்டுவிடவில்லை என்பது வாத்தியாரின் வியாக்கியானம்.

சீடன் விடவில்லை. "அப்போ மேல்பாதிக்காரங்க கிட்டயும் மனசுலயே கும்பிட்டுக்கோங்கன்னு சொல்லலாமா?"

வாத்தியாரின் கை நின்றது.

நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதிதான். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்கு சீல். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவுப்படி பூசாரி மட்டும் உள்ளே போனார். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித் மக்களால் கும்பிட முடிந்தது.

"சொல்லக்கூடாது" என்றார். "பூசலார் தனக்குத்தானே சொல்லிக்கிட்டது அது. கதவை மறிச்சு நிக்கிறவன் சொன்னா அயோக்கியத்தனம். கொரோனாவுல எல்லாருக்கும்தான் கதவு சாத்தினாங்க. இங்க அப்படியா?"

"அப்போ கொட்டகையில பாடினது?"

"அது சாமி கும்பிட்டதுதான். ஆனா பத்தாது. பாஞ்சாலி சபதம் போடுறதை ஊரே கேட்கணும்டா."

"ஊர்னா யாரு? நாம ஆடுற இடத்துல சிலர் தள்ளித்தானே நிக்கிறாங்க?"

"அட்வான்ஸ் கையில வாங்குறதுக்கு முன்னாடி, எல்லாரும் ஒண்ணா நின்னு பாக்கலாமான்னு கேட்டுடுவேன்."

"கேட்டா கூத்தே போயிடுமே?"

"ரெண்டு ஊர் போயிருக்கு" என்றபடி புஜகீர்த்தியை எடுத்தார்.