அறமும் கணக்கும்

ஐயம் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. இரப்பார்க்கு இடும் பொருளும் ஐயம். துணிவு பிறவாது நெஞ்சம் தடுமாறும் நிலையும் ஐயம். ஐயம் இடுதல் அறமென்பதை எல்லாச் சமயத்தாரும் ஒப்புவர். பிறர் இட்ட ஐயத்தின்கண் ஐயுறுதல் அறமோ, அன்றோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினா இக்காலத்து வலிதாய் எழுதற்குக் காரணம் உளது. திரைப்படத்தாலும் இசையாலும் விளையாட்டாலும் பெரும்புகழ் எய்தியோர் தம் பெயரால் அறக்கட்டளை நிறுவுதலும், அவர்பால் அன்பு பூண்ட எண்ணிறந்தோர் தாம் வருந்தி ஈட்டிய சிறுபொருளை அவற்றிற்கு விடுத்தலும் எங்கும் பெருகியுள்ளன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாட்களிற் பொருநை நாடு பெருவெள்ளத்துள் ஆழ்ந்தது. காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதில் 94 சென்டிமீட்டர் அளவிற்கு மழை பொழிந்தது. அத்திங்கள் 30-ஆம் நாள் நடிகர் விஜய் திருநெல்வேலிக்குப் போந்து, நலிந்தார்க்கு உதவிப்பொருள்களை நேரில் வழங்கினார். கொடுப்பாரும் கொள்வாரும் எதிரெதிர் நின்ற அத்தகைய கொடையில் ஐயத்திற்கு இடம் சிறிது. பொருள் பலர்பாலும் திரட்டப்பட்டு, ஒருவர் பெயரால் ஓரிடத்துத் தங்கி, கொடுத்தார் காணாவிடத்தே கொடுத்தார் அறியாதவராற் செலவிடப்படும்போதே ஐயம் தலைகாட்டுகின்றது.

அற்றேல், கொடை மறைவாக நிகழ்தலே மாண்புடைத்து. அதனைக் கணக்குக் கேட்டல் அறஞ்செய்வாரை இழித்தலாய் முடியுமன்றோ எனின், அன்று. கொடையின்கண் மறைத்தற்குரியதும் வெளிப்படுத்தற்குரியதும் வேறுவேறாம். மறைத்தற்குரியது கொடுத்தான் பெருமை. வெளிப்படுத்தற்குரியது கொடுத்த பொருளின் செலவு. இக்காலத்தோ இவ்விரண்டும் தலைதடுமாறி நிற்கின்றன. கொடுத்தான் திருமுகம் தெருத்தோறும் விளங்குகின்றது. பொருள் சென்ற வழியோ ஒருவர்க்கும் விளங்கவில்லை.

சித்தாந்த நூன்முறையான் நோக்குவார்க்கு இதன் வேர் புலனாகும். யான் செய்தேன், எனது பொருள் என்னும் செருக்கொடு செய்யப்படும் நல்வினையும் பயன் தருமாயினும், அப்பயன் உயிரைப் பிணிக்கும் பொன்விலங்காய் நிற்கும், அது பசுபுண்ணியம். அச்செருக்கற்று இறைவன் பணியெனச் செய்வது சிவபுண்ணியம். நீர் வார்த்துக் கொடுத்தபின் பொருள் கொடுத்தானுடையதன்று. அங்ஙனமாகவும், கணக்குக் கேட்பார்மேற் சினந்து, எனது அறம், எனது விருப்பம் என ஒருவன் கூறுவானாயின், அவன் வாயளவிற் கொடுத்து நெஞ்சளவிற் கொடாதவனே ஆவன்.

முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குப் பொருநைக் கரையிலேயே சான்றுளது. அம்பாசமுத்திரத்திற் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்ட பழமையுடையது. தொண்டை நாட்டிற் பெண்ணைக் கரையில் அரைசூர்ப் பாடிவீட்டில் இருந்தபோது அவ்வேந்தன், இளங்கோக்குடித் திருப்போத்துடையார்க்கு நாள்வழிபாடு நடத்தற்பொருட்டு 290 காசு அளித்தான். அக்காசு அரண்மனையாராலன்றி அவ்வூர்ச் சபையாராற் பேணப்பட்டது. முதல் கெடாது நிற்க, காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு இரு கலமாக 580 கலம் நெல் சபையார் அளத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. அந்நெல்லைக் கொண்டு நாள்தோறும் அமுதரிசி எத்துணை, நெய் எத்துணை, தயிர் எத்துணை, வாழைப்பழமும் கறியும் அடைக்காயும் எத்துணை என்பன வெல்லாம் அளவு குறித்துக் கல்லின்மேல் வெட்டப்பட்டன.

தன் காலத்து இவனினும் புகழுடையார் பாண்டி நாட்டில் யாவர்? முடிவேந்தன் கொடையே நாழியும் உழக்கும் எண்ணிக் கோயிற் கல்லில் ஊரறிய நின்றது. வேந்தன் செய்ததாகலின் நம்புக என்று அக்கல் கூறவில்லை. முதல் இது, பயன் இது, பொறுப்பாளர் இவர், செலவு இவை என்று நான்கனையுங் கூறுகின்றது. எழுதப்பட்ட அளவிற் குறையுமாயின் எவரும் வினவலாம். புகழ் சான்றாகாது, கணக்கே சான்றாம் என்பது இதனாற் போதரும்.

வினவுதற்குரியார் யாவர் எனின், அதற்கும் கல்வெட்டுக்களே விடை பகரும். சிவாலயக் கொடைகளைக் கூறும் கல்வெட்டுக்கள் பலவும், இவ்வறம் பன்மாகேசுவரர் காப்பு என்னுங் கருத்தான் முடிகின்றன. சிவனடியார் கூட்டம் முழுதுமே அறத்தின் காவலாக வைக்கப்பட்டது. ஆகலின் அடியார்க்குக் கணக்குக் கேட்டல் உரிமை மட்டுமன்று, கடமையுமாம். கேளாது வாளாவிருப்பவன் பணிவுடையான் அல்லன், காவலிற் சோர்ந்தவன்.

திருக்கோயிற் பொருளின் தலைமைக் காவலராகச் சண்டேசுர நாயனாரை வைத்த முறையும் ஈண்டு நினைவுகூரற்பாலது. கோயில் நிலங்களின் விலையோலைகள் பண்டு அவர் பெயரான் எழுதப்பட்டன. பூசைக்குரிய பாற்குடத்தை உதைத்தவர் தந்தையே எனினும் அவர் காலைத் துணித்தவர் அப்பெருமான். சிவன் பொருட்கு ஊறு நேருமிடத்து உறவும் பெருமையும் நோக்கப்படா என்பது அவர் வரலாற்றின் உட்கிடை. வழிபட்டு மீள்வார் அவர் திருமுன்னர் வெறுங்கையை விரித்துக் காட்டுதலும் இதுபற்றியே. ஒருவரையும் திருடரென்று கருதி அவ்வழக்கம் எழுந்ததன்று. யாவரும் காட்டுகின்றனர், ஆதலின் யார்க்கும் இழிவின்று. அறக்கட்டளைகளின் கணக்கும் அங்ஙனமே எல்லாராலும் ஆண்டுதோறும் தாமே முன்வந்து காட்டப்படுமாயின், கேட்டல் பழிப்பாகாது.

இதனாற் புகழுடையார் கொடையெல்லாம் பழுதென்பது கருத்தன்று. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பொருநைமேற் பாலமின்றி மக்கள் இடருற்ற காலத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துச் சிரஸ்தேதாராக விளங்கிய சுலோசன முதலியார் ஏறத்தாழ 50,000 ரூபாய் தாமே அளிக்க, 1843-ஆம் ஆண்டிற் பாலம் எழுந்தது. அவர் பெயர் இன்றும் அதன்மேல் நிற்கின்றது. எனினும் எவரும் அக்கொடையை ஐயுற்றிலர். என்னை? அப்பாலமே அவர் கணக்கு. அதன்மேல் நடந்த கால்களெல்லாம் அக்கணக்கைத் தணிக்கை செய்தன.

கண்ணெதிரே பாலமாய் நில்லாத அறங்கட்கு எழுத்துக் கணக்கு இன்றியமையாதது. 2010-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் ஹெய்ட்டி நாடு நிலநடுக்கத்தாற் சிதைந்தபோது, அந்நாட்டிற் பிறந்து இசையாற் புகழ்பெற்ற வைக்லெஃப் ஜான் என்பாரது அறநிலையத்திற்கு உலகோர் பெரும்பொருள் ஈந்தனர். அந்நிலையம் 2012-இல் மூடப்பட்டது. நியூயார்க் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரின் ஆய்வில் அதன் முன்னைச் செலவுகளின் முறைகேடுகள் வெளிப்பட்டன. அவர் தம்மேற் குற்றமின்மை கூறினார். குற்றம் யாருடையதாயினும், இடிந்த வீட்டின் முன்னிருந்த ஏழைக்கு அப்பொருள் முழுதும் சென்றிலது என்பதே துயர். அறக்கணக்கில் வழு நேரின் இழப்பவர் கொடுத்தவர் அல்லர், பெறாதவரே.

நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொது அறமொன்றில் தொடர்புடையார் இருவரோ பலரோ நீதிமன்றத்தின் இசைவு பெற்று அவ்வறத்தின் கணக்கைக் கேட்டு வழக்கிட இடந்தருகின்றது. பன்மாகேசுவரர் காப்பு என்ற பழங்கருத்தின் நிழல் இச்சட்டத்தினும் உளதென்னலாம். ஆயினும் நீதிமன்றம் ஏறும் ஆற்றல் சிலர்க்கே உண்டு. கொடுக்கும் முன்னர் வினவும் ஆற்றலோ யாவர்க்கும் உண்டு.

இனி, செலவின் அளவுபற்றி ஒன்று. 2023-ஆம் ஆண்டு வெள்ளத்தில் திருச்செந்தூரினின்று சென்னை நோக்கிப் புறப்பட்ட புகைவண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதன்கண் இருந்த நூற்றுக்கணக்கானோர்க்குப் புதுக்குடி ஊரார் உணவு சமைத்து அளித்தனர். அடுப்பிற்கும் உண்பார் இலைக்கும் இடையே வேறொருவர் கை புகவில்லை. எல்லா அறமும் இங்ஙனம் நிகழ்தல் இயலாது. சேய்மைக்கண் உள்ளார்க்கு உதவுதற்கு ஏவலர் வேண்டும், வண்டி வேண்டும், எழுத்தர் வேண்டும். அச்செலவு குற்றமன்று. நூறு ரூபாயில் எத்துணை ஏழையின் கைக்குச் சென்றது, எத்துணை விழாவிற்கும் விளம்பரத்திற்கும் சென்றது என்பதைக் கூறாதொழிதலே குற்றம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஐயம் என்னும் போர்வையுள் உலோபம் ஒளிந்துகொள்ளுதல் எளிது. எல்லா அறமும் பொய்யென்று கூறித் தன் பணப்பையை இறுக முடிவான் ஆராய்ச்சியாளன் அல்லன். அவன் கொடாமைக்குக் காரணம் தேடுவான். மெய்யாக ஐயுறுவான் வினவுவான். விடை நன்றெனிற் கொடுப்பான். அன்றெனின் அப்பொருளைத் தக்க வேறிடத்துக் கொடுப்பான். இருவழியும் பொருள் அவன் கையில் தங்காது.

ஆகவே ஐயம் இடுதலும் ஐயுறுதலும் பகையல்ல. கொடுப்பவன் பெருமையை மறைத்துக் கணக்கை விரிக்க. கொடுத்தோர் பணிவொடு வினவுக. வினவுமுன் தம் கையையும் சண்டேசுரர் திருமுன் விரித்துப் பார்க்க. பிறர் அறத்தைக் காக்கும் தகுதி அவ்வெறுங்கைக்கே உரியது.

சிவம்.