பூனையும் சகுனமும்

காலையில் கடை திறக்கப் புறப்படுகிறோம். வாசற்படி தாண்டியதும் ஒரு பூனை குறுக்கே ஓடுகிறது. கால் ஒரு கணம் தயங்குகிறது. "சற்று உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாத நம்மிலும் சிலர் திரும்பிவந்து உட்கார்ந்து விடுகிறோம். இது அற்ப விஷயந்தானே என்று தள்ளிவிடலாமா? சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

பூனை மனிதனோடு சேர்ந்த வரலாறு வணிகருக்கு உவப்பானது. மனிதன் தானியத்தைச் சேமித்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையும் அடக்கப்பட்டிருந்த செய்தியை ஆராய்ச்சியாளர் 2004-ல் வெளியிட்டனர். ஆகவே கிடங்குக்காரரும் பூனையும் ஆதிகாலத்துக் கூட்டாளிகள். நம் அரிசி மூட்டைகளைக் காத்துத் தந்த இந்தக் கூட்டாளி அபசகுனம் ஆனது எப்படி?

பூனை இரவில் நடமாடும். அதன் அடியோசை கேட்பதில்லை. அதன் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், சிறு வெளிச்சம் பட்டாலும் கண் பளபளக்கும். விளக்கு வசதியில்லாத காலத்து மனிதன் இருட்டிலே இரண்டு நெருப்புத் துளிகளைக் கண்டு நடுங்கியதில் வியப்பில்லை. காரணம் தெரியாத இடத்தில் கதை முளைத்தது. ஆனால் ஒரே பிராணியைப் பற்றி ஊருக்கு ஒரு கதை முளைத்ததுதான் நாம் கவனிக்கத்தக்கது.

பண்டைய எகிப்தியர் பூனைத் தலையுடைய பாஸ்தெத் என்னும் தெய்வத்தை வணங்கினர். வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துத் துக்கம் காத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அப்படிப் போற்றிப் பதனிட்டுப் புதைக்கப்பட்ட பூனைகளின் கதி என்னவாயிற்று? 1890-ல் ஏராளமான பூனையுடல்கள் கப்பலேற்றி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்டு, வயலுக்கு எருவாக டன் கணக்கில் ஏலம் விடப்பட்டன. ஒரு காலத்துத் தெய்வம் மறு காலத்தில் உரமூட்டை!

ஐரோப்பாவிலோ நிலைமை நேர்மாறு. 1233-ல் போப் ஒன்பதாம் கிரகரி விடுத்த திருமுகம் ஒன்று, சமய விரோதிகளின் இரகசியக் கூட்டத்தில் கறுப்புப் பூனையொன்று தோன்றுவதாக வருணித்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மணிக்கோபுரத்தின் மேலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே எறியும் வழக்கம் 1817 வரை நடந்தது. இன்றும் கறுப்புப் பூனை குறுக்கே போனால் அமெரிக்கரில் பலர் கேடு என்பர். ஆங்கிலேயரில் பலர் நன்மை என்பர். ஜப்பானியரின் பூனைப் பொம்மையோ, கையை உயர்த்தி வாடிக்கையாளரை அழைக்கும் பாவனையில் இந்நாட்டுச் சீனர் கடைகளில் கல்லாப் பெட்டிக்கருகே வீற்றிருக்கிறது.

ஒரு கடைக்காரர் பூனையைக் கண்டு திரும்புகிறார். அடுத்த கடைக்காரர் பூனையை வைத்துப் பணத்தை அழைக்கிறார். இருவர் பேரேட்டையும் புரட்டிப் பார்த்தால் லாப நஷ்டத்திற்குக் காரணம் வேறாக இருக்கும். ஆளறியாமல் கொடுத்த கடன், இருப்புப் பாராமல் வாங்கிய சரக்கு, தவணை தவறிய வாக்கு, முகங்கொடுத்துப் பேசாத வேலையாள்! இவற்றை ஒப்புக்கொள்ள நம் மனம் கூசுகிறது. பழியை ஏற்க ஒரு வாயில்லாப் பிராணி கிடைத்தால் ஆறுதலாக இருக்கிறது. சகுனம் பிறப்பது பூனையின் காலடியில் அல்ல. தன் பொறுப்பை இறக்கிவைக்க இடம் தேடும் நம் நெஞ்சில்தான்.

இஸ்லாத்திற்கு முந்திய அரபிகள் பறவையை விரட்டி, அது வலப்புறம் பறந்தால் பயணம் போவர். இடப்புறம் பறந்தால் திரும்பிவிடுவர். பெருமானார் (ஸல்) அவர்கள் இதனை மறுத்தார்கள். எங்களில் சகுனம் பார்ப்போர் உண்டு என்று ஒரு தோழர் கூறியபோது, அது உள்ளத்தில் தோன்றும் ஓர் உணர்வு, அது அவர்களைத் தடுத்துவிட வேண்டாம் என்று விளக்கினார்கள். இதிலுள்ள கருணையை எண்ணிப் பாருங்கள்! அச்சம் தோன்றுவதைக் குற்றமென்று சொல்லவில்லை. அச்சத்திற்கு அடிபணிந்து காலைத் திருப்புவதே கூடாது என்றார்கள். தம் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தபோது, இம்மரணத்திற்காகவே சூரியன் இருண்டதென மக்கள் பேசினர். எவருடைய மரணத்திற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அத்துயரத்திலும் அவர்கள் உண்மையையே உரைத்தார்கள்.

பூனையைப் பற்றியும் நம் மார்க்கம் தெளிவாகப் பேசுகிறது. உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை குடிக்க அபூகத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது அசுத்தமன்று, உங்களைச் சுற்றிவரும் பிராணி என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளான செய்தியை நாம் அறிவோம். பூனை நமக்குக் கேடு கொண்டுவருவதில்லை. பூனைக்கு நாம் செய்யும் கேடே நம்மைப் பிடிக்கும்.

நம்மையும் ஒரு சொல் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருமானாரின் ஆடைமேல் உறங்கிய முயிஸ்ஸா என்னும் பூனையை எழுப்ப மனமின்றி, அவர்கள் ஆடையையே வெட்டினார்கள் என்ற கதையை நாம் ஆசையாகச் சொல்கிறோம். அது ஹதீஸ் நூல்களில் இல்லாத கதை. அச்சத்தால் கட்டிய கதையை விலக்குகிறவர்கள், அன்பால் கட்டிய கதையையும் விலக்கத்தான் வேண்டும். ஆதாரமுள்ளதே நமக்குப் போதும்.

இத்தனை பேச்சு ஒரு பூனைக்காகவா என்று கேட்கலாம். பூனையோடு இது நிற்குமானால் பேசியே இருக்க மாட்டோம். பூனையைச் சகுனமாக்கிய அதே நாவு, எதிரே வரும் கணவனை இழந்த சகோதரியையும் சகுனமாக்குகிறது. கல்யாண வீட்டில் அவள் ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோமே, அது யார் கொடுத்த தண்டனை? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கணவரை இழந்தவர்கள். சிரியாவுக்குச் சரக்கனுப்பிய வணிகர். அவர்களுடைய பொருளை ஏற்றிச்சென்று நாணயமாக விற்றுவந்தவர் நம் நபிகள் நாயகம் அல்லவா? அந்த வணிகத்தைவிட பரக்கத்துள்ள வணிகம் ஏது?

நாளைக் காலையிலும் பூனை குறுக்கே வரலாம். பிஸ்மி சொல்லி நடப்போம். எதிரே அந்தச் சகோதரி வந்தால் ஸலாம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டே கடைக்குப் போவோம்.