எண்ணா, பெயரா?

செத்தவனைத் தேடுவதால் யாருக்கு என்ன பயன்? அதுவும், அன்னியன் கொடியின் கீழ் நின்று, அன்னியன் ஆணைக்கு அடிபணிந்து, அறியாத மண்ணிலே செத்தவனை? கேள்வி கூர்மையானது, கேட்பவர்களும் கெட்டவர்கள் அல்லர். மாதம் 11 ரூபாய்க்கு உயிரை விற்ற கூலி என்று ஒதுக்குவர் ஒரு சாரார். நாட்டுக்காக உயிரீந்த தியாகி என்று மாலை சூட்டுவர் மறு சாரார். இரு சாராருமே அவன் பெயர் என்ன என்று கேட்பதில்லை!

என் பாட்டனாரின் பெரியப்பா முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குச் சென்றவர், திரும்பாதவர். “பஸ்ராவுக்குப் போனவர்” என்பதே எங்கள் வீட்டில் அவருக்கு வழங்கிய பெயர். அவரைத் தேடப் புகுந்தபோதுதான், பெயர் இழந்தவர் அவர் ஒருவர் அல்லர் என்பது தெரிந்தது.

1917இல் தோன்றிய பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், மாண்டோரிடையே பதவியாலும் சமயத்தாலும் வேற்றுமை பாராட்டோம் என்றது. அழகிய கொள்கை! கல்லறை அறியப்படாத 40,000 பேருக்கும் மேற்பட்டோருக்காக, 1929இல் பஸ்ராவில் நினைவுச் சின்னம் திறந்ததும் அதே ஆணையந்தான். பிரிட்டிஷ் சிப்பாய் கடைநிலையில் இருந்தவனாயினும், அவன் பெயர் கல்லில் ஏறிற்று. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே அந்தப் பேறு. மற்றவர்க்கு? படைப்பிரிவின் பெயர், அதன் கீழே, இத்தனை பேர் என்று ஓர் எண். ஏட்டிலே இருந்த பெயருக்குக் கல்லிலே இடமில்லை! இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படும் அவ்வமைப்பு அமைத்த குழுவே 2021இல் உண்மையை ஒப்புக்கொண்டது. ஆசியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ சின்னமே இன்றியோ விடப்பட்டனர்.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரன் உருவத்தின் அருகே ஒரு நாய். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். ஆநிரை காத்த சிற்றூர் நாயின் பெயரைக் காத்தது. கடல்களை ஆண்ட பேரரசு மனிதனை எண்ணாக்கிற்று. இதற்காக நாம் மார்தட்ட வேண்டாம். கோயில் எடுத்த வேந்தனின் பெயரறிவோம். கல் சுமந்து முதுகொடிந்தவனின் பெயரறிவோமா?

ஏட்டில் தேடுவதும் எளிதன்று. எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ, அப்படியே ஆங்கில எழுத்தில் ஏறியது தமிழ்ப் பெயர். ழகரம் லகரமாகும், ஊர்ப் பெயரோ உருத்தெரியாமல் சிதையும். தந்தை பெயரும் வட்டமும் பதிவில் இருந்தால் பிழைத்தோம். ஒரே பெயரில் மூவர் கிடைத்தனர். தந்தை பெயரும் ஊரும் பொருந்தியவர் ஒருவர். இறந்த ஆண்டு 1917.

பெயர் கிடைத்ததும் பெரியவர்கள் சிலர், “தியாகி என்று பொறித்து ஊரில் கல் நாட்டுவோம்” என்றனர். நான் இணங்கவில்லை. அவர் ஏன் போனார்? வறுமையா? கடனா? தோளில் துண்டு போடவும் தடை விதித்த சாதித் திமிரிலிருந்து தப்ப, ஒரு சீருடையா? அவர் எழுதிய வரி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவர் வாயில் நம் சொல்லைத் திணிக்க நாம் யார்? தியாகி என்றால், அவரைச் செலவழித்தவர்களின் கணக்கு நேராகிவிடுகிறது. கூலி என்றாலோ, பேரரசின் பழி ஏழையின் தலையில் ஏறுகிறது. டைக்ரிஸ் ஆற்றங்கரையில் நம்மவர் துப்பாக்கிக்கு எதிரே நின்றவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். காத்திருந்த தாய் இருந்திருப்பாள். 1920இல் ஈராக் மக்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, அவர்களை அடக்க ஏவப்பட்டவையும் பெரும்பாலும் இந்தியப் படைகளே. தேடுகிறவன் இதையும் சேர்த்தே தேட வேண்டும். வேண்டியதைப் பொறுக்கி, வேண்டாததை மூடுவது தேடல் அன்று, ஒப்பனை.

பெயர், தந்தை பெயர், ஊர், மாண்ட இடம், ஆண்டு. இவை போதும், அடைமொழி வேண்டாம் என்கிறேன். வீட்டில் வாதம் இன்னும் ஓயவில்லை. மாலை எதற்கு, அடைமொழி எதற்கு என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டனார் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏம்பா, அவரைப் பெத்தவங்க பேர் அதிலே இருக்குதா?”

தந்தை பெயர் இருந்தது. தாயின் பெயர் இல்லை. பாட்டனாருக்கு அது தெரியும்; அவருடைய அப்பாவைப் பெற்றவளும் அவள்தானே. சொன்னார். எழுதிக்கொண்டேன்.