பூச்சும் பற்றும்

கையால் இழைத்த ஒரு மேசைக்கு, அது ஈட்டி மரமானாலும் இறக்குமதியான மேப்பிளானாலும், கடைசியில் எதைப் பூசுவது? மைசூரு விஜயநகரில் புது வீட்டுக்கு மரச்சாமான் செய்யச் சொல்கிற எவருக்கும் வருகிற கேள்வி இது. ஒரு வழி பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ். கண்ணாடிபோல் மூடிக்கொண்டு தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். மற்றொரு வழி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்தேற்றும் பிரெஞ்சு பாலிஷ், அல்லது வெறும் ஆளிவிதை எண்ணெய். இவற்றுக்கு அவ்வப்போது மனிதக் கை வேண்டும். இந்தத் தேர்வுக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. அழியக்கூடியதை எப்படிக் காப்பது? அழிவு அண்டாதபடி மூடிவிடுவதா, அழிவை ஒப்புக்கொண்டு திரும்பத் திரும்பப் பேணுவதா? பேணுவதே சரி என்பது என் வாதம்.

நம் கோயில்கள் இதற்குச் சான்று. திருவரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. நீரால் திருமஞ்சனம் செய்ய முடியாது. அதனால் தைலக்காப்பு சாற்றுகிறார்கள், காலம் வந்ததும் மறுபடி சாற்றுகிறார்கள். கல்லே ஆனாலும் விதிவிலக்கில்லை. மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் சேர்கின்றன. அது இறுகி வெடிக்கும் என்று தெரிந்தே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கில் புதிதாக இடித்துச் சாத்தும் வழக்கம் வந்தது. தெய்வத்துக்கே ஒரேயடியாக முடிந்துபோகும் காப்பை நம் மரபு தேடவில்லை. புதுப்பிப்பதையே அது வழிபாடாக்கியது.

பூச்சுகளின் இயல்பும் இதையே சொல்கிறது. காட்டு அரக்கைப் பயன்படுத்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937இல், மைசூரிலேயே அரக்கு, வண்ணத் தொழிற்சாலை எழுந்தது. அந்த அரக்குப் பூச்சின் மேல் புதிய பூச்சு படும்போது அதிலுள்ள ஸ்பிரிட் பழையதைக் கரைக்கிறது, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பி.யூ. அப்படிக் கரைவதில்லை. ஆழமாகக் கீறினால் பெரும்பாலும் பலகை முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். உறுதியானது என்று நாம் நம்புவதற்கு ஒரே ஆயுள். மெலிந்தது என்று ஒதுக்குவதற்குப் பல ஆயுள்.

மறுப்புகள் உண்டு. சூடான டம்ளர் வைத்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும். பேணும் வேலையும் பல வீடுகளில் பெண்கள் தலையில்தான் விழுகிறது. இது நியாயமான மறுப்பு. தினமும் நனையும் சாப்பாட்டு மேசைக்குக் கடினமான பூச்சு பூசுவதில் குற்றமில்லை. ஆனால் அலமாரிக்கும் ஊஞ்சலுக்கும் அந்தக் கவசம் எதற்கு? ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும் ஊரில், எல்லோரும் சேர்ந்து ஒரு கை எண்ணெய் தேய்ப்பது பெரிய பாரமல்ல. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அரக்கு, பூச்சிகள் சுரப்பது. அதைச் சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன. இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களில் அரக்கு வாணிகத்தையும் சமணம் வைத்திருக்கிறது. சமணத் தலங்களான கொம்மடகிரியும் சிரவணபெளகொளாவும் அருகிலிருக்கும் மைசூரில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த விரதத்தை மதிப்பவர் ஆளிவிதை எண்ணெயைத் தேரலாம். மேப்பிளின் வெண்மை அதில் மஞ்சளிக்கும். உயிர் காக்க அந்த நிறத்தை இழக்கலாம். இரு கலவை பி.யூ. மட்டும் தீங்கற்றது என்றும் சொல்வதற்கில்லை. அதிலுள்ள ஐசோசயனேட், காப்பின்றி அடிப்பவருக்கு ஆஸ்துமாவைத் தரக்கூடியது.

பற்றறுக்கச் சொல்லும் மரபில் நின்று நாற்காலியைப் பேணச் சொல்வது முரணாகாதா என்றும் கேட்கலாம். தன் பொருளில் ஒரு கீறலும் விழக்கூடாது என்று தவிப்பதுதான் பற்று. தேயும் என்று அறிந்து, தேய்ந்ததைச் சரிசெய்து, பயன்படுத்திக் கையளிப்பது கடமை. ஆகவே ஆசாரியிடம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்கும்போது, தேய்ந்த பின் எப்படிப் புதுப்பிப்பது என்றும் கேளுங்கள். அதற்கு எளிய விடை உள்ள பூச்சையே பூசச் சொல்லுங்கள்.