பானைக்குள் போகும் பெயர்கள்

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் அனாட்டமி படிப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான பயம் உண்டு. ஃபெயிலாகிவிடுவோமோ என்பதல்ல அது, ‘சி’ வாங்கிவிடுவோமோ என்பது. ‘டி’யோ ‘எஃப்’போ வந்தால் அதே பாடத்தை மறுபடி எடுக்கலாம். அடுத்த முறை ‘ஏ’ வாங்கிவிட்டால் பழைய மதிப்பெண் சராசரிக் கணக்கிலிருந்து விலகிவிடும். ‘சி’ வந்தாலோ தேறிவிட்டதாக அர்த்தம், தேறிய பாடத்தைத் திரும்ப எடுக்கப் பொதுவாக விதி இடம் தராது. நர்சிங்கில் சேர நினைப்பவருக்குச் சுமாராகத் தேறுவதைவிட ஒரேயடியாகத் தோற்பது லாபம் என்று ஆகிறது. நடுவில் விலகிக்கொள்ளலாம் என்றால் விலகலும் ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறும். ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று வாய்ப்புதான்.

ஒரு ‘சி’க்கு இவ்வளவு கலங்குவதற்குக் காரணம், நர்சிங் வகுப்பின் வாசலுக்கு முன்னால் இன்னொரு நீண்ட வரிசை இருப்பதுதான். அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். அவற்றில் உட்காரவே சில கல்லூரிகள் வேதியியல் கேட்கும். ஆங்கிலக் கட்டுரை வகுப்பு வேண்டும். பெரும்பாலும் புள்ளியியலோ உளவியலோ சேரும். இவற்றுக்குத்தான் முன்தகுதிப் பாடங்கள் என்று பெயர். எலும்புகளின் பெயர்களை மேடு பள்ளங்களோடு மனப்பாடம் செய்வதும், கிராம் சாயமேற்றிய பாக்டீரியா ஊதாவா இளஞ்சிவப்பா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதும் இந்தக் கட்டத்திலேயே நடந்துவிடுகின்றன. ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்வது இதற்கெல்லாம் பிறகு.

பணம் பெரிய தடையல்ல. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். அமெரிக்கக் கணக்கில் மலிவு. தடையெல்லாம் காலம்தான். ஃபிசியாலஜிக்கு முன் அனாட்டமி, அனாட்டமிக்கு முன் வேறொன்று என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் பகலில் வேலை பார்ப்பவருக்கு முன்தகுதி மட்டுமே இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடும். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு முந்தியவை என்றால் செல்லாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. மெதுவாகப் படித்தால் முதலில் படித்தது காலாவதியாகும், வேகமாகப் படித்தால் மதிப்பெண் சரியும்.

இந்தப் படிப்பு பிறந்ததே வேகத்துக்காக என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியக் கல்லூரியில் மில்ட்ரெட் மொன்டாக் தம் ஆய்வேட்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். மருத்துவமனைகளே நடத்திவந்த மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பதிலாக, உள்ளூர்க் கல்லூரியில் இரண்டே ஆண்டுகளில் செவிலியரைத் தயாரிக்கலாம் என்பது அது. 1952இல் ஒரு சில சமுதாயக் கல்லூரிகளில் சோதனை தொடங்கியது. பாடத்திட்டம் இன்றும் தாளில் இரண்டாண்டுதான்.

இனிக் கேள்விக்கு வரலாம். முன்தகுதியெல்லாம் முடித்தவர்கள் இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு. எல்லாரும் தகுதியானவர்களே. யாரைச் சேர்ப்பது?

கலிஃபோர்னியா இதற்கு இரண்டு எதிரெதிர் விடைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. நெடுநாள் அங்கே சமுதாயக் கல்லூரிகள் மதிப்பெண்ணை வைத்துத் தகுதியானவர்களிடையே தரம் பிரிக்கவில்லை. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், அதற்கு மேல் முதலில் வந்தவர் முதலில், அல்லது காத்திருப்போர் பட்டியல், அல்லது குலுக்கல். பிறகு 2002இல் ஓர் ஆய்வு வந்தது. கல்லூரிச் சராசரி, ஆங்கிலப் பாடச் சராசரி, உயிரியல் பாடச் சராசரி, அந்த உயிரியல் பாடங்களை எத்தனை முறை திரும்பப் படித்தார் என்ற எண்ணிக்கை ஆகிய நான்கையும் பார்த்தால் யார் படிப்பை முடிப்பார், யார் பாதியில் நிற்பார் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்றது அது. இடைநிற்றல் கல்லூரிகளை வாட்டிக்கொண்டிருந்த நேரம். 2007இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் மதிப்பெண், பணி அனுபவம், வாழ்க்கைச் சூழல் முதலியவற்றுக்குப் புள்ளி கொடுத்து வரிசைப்படுத்தலாம் என்றது. குலுக்கலையும் அது ஒழிக்கவில்லை. புள்ளி, சீட்டு, இரண்டின் கலவை, எதையும் கல்லூரி தேர்ந்துகொள்ளலாம்.

அந்தச் சட்டத்தின் புள்ளிப் பட்டியல் தனியாக உட்கார்ந்து படிக்கத் தக்கது. ஏழைக் குடும்பம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய கட்டாயம், அகதி, முன்னாள் படைவீரர் என்று அது மனித வாழ்வின் இடர்களை வரிசையாக அடுக்குகிறது. ஆங்கிலமல்லாத மொழி தெரிந்தாலும் புள்ளி உண்டு. எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட மொழிகளில் ஸ்பானியம், சீனம், பார்சி இவற்றோடு இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் வருகின்றன. ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, பாட்டியோடு பேசிப் பழகிய மொழிக்கு அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ பெற வழியிருக்கிறது.

நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு பழைய தத்துவச் சிக்கலை நிர்வாகப் படிவமாக மாற்றிவைத்திருக்கிறது. ஒருவர் ஓர் இடத்துக்கு எதனால் உரியவராகிறார்? அவர் உழைப்பாலா, உழைக்க முடிந்த சூழலாலா? வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தில் முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வைத்தார். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் கூட்டிக் கழிக்க அவர் முயலவில்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் இன்னும் ஒரு படி போனார். திறமை மட்டுமல்ல, முயன்று பார்க்கும் மனம்கூட ஒருவர் பிறந்து வளர்ந்த வீட்டைப் பொறுத்தது, ஆகவே அதையும் முழுக்கத் தன் சம்பாத்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். இதை ஒப்புக்கொண்டால் 3.8 சராசரிக்கும் 3.6 சராசரிக்கும் இடையிலிருக்கும் தூரத்தில் எவ்வளவு மாணவியுடையது, எவ்வளவு அவள் இரவு வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்ததால் வந்தது என்று எந்தக் குழுவாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

குலுக்கலுக்கு எதிரான வாதமும் பழையதுதான். ஏதென்ஸில் பதவிகளுக்குச் சீட்டெடுத்தபோது சாக்ரட்டீஸ் கேலி செய்ததாக ஜெனஃபோன் எழுதியிருக்கிறார். கப்பல் மாலுமியை யாராவது குலுக்கிப்போட்டு எடுப்பார்களா என்ற கேள்வி அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். ஆனால் ஏதென்ஸ்காரர்கள் படைத்தளபதிகளைச் சீட்டில் விடவில்லை, கைதூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரியும் செவிலியரைச் சீட்டில் எடுப்பதில்லை. பயிற்சிக்கு வருபவரைத்தான் எடுக்கிறது. கடைசியில் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு நிற்கிறது. அந்தத் தேர்வின் முடிவில் மதிப்பெண்ணே கிடையாது, தேறினார் அல்லது தேறவில்லை என்பது மட்டும்தான். கோட்டைத் தாண்டியவர்களுக்குள் தரவரிசை தேவையில்லை என்று வெளிவாசலில் ஒப்புக்கொள்ளும் தொழில், உள்வாசலில் மட்டும் தசமப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

சாக்ரட்டீஸைவிட வலுவான எதிர்வாதம் கல்லூரி முதல்வர்களுடையது. பொதுப்பணத்தில் உருவான இடம் ஒன்றில் சேர்ந்தவர் மூன்றாவது பருவத்தில் நின்றுவிட்டால், அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போகிறது. வெளியே காத்திருந்தவருக்கும் அநியாயம், நின்றுபோனவருக்கும் கடனும் காயமும். முடிக்கக்கூடியவரைத் தேர்ந்தெடுப்பது ஈவிரக்கமற்ற செயலல்ல என்கிறார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாதம் குறைந்தபட்சக் கோட்டை உயர்த்துவதற்கு நியாயம் சொல்கிறது. கோட்டுக்கு மேலே நிற்பவர்களை நூலிழை வித்தியாசத்தில் வரிசைப்படுத்துவதற்குச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் பல கல்லூரிகள் கேட்கும் டீஸ் என்ற நுழைவுத் தேர்வில் கட்-ஆஃப் 62 சதவீதம். 61 வாங்கியவருக்கு ஏதோ போதவில்லை என்று சொல்ல ஓர் ஆதாரமாவது உண்டு. 88க்கும் 90க்கும் நடுவில் நோயாளிக்கு என்ன வேறுபாடு என்று கேட்டால் பதில் கிடைக்காது.

தோற்றவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி. சீட்டில் பெயர் வராதவருக்கு எரிச்சல் வரும், அவமானம் வராது. புள்ளியில் விழுந்தவரோ தன்னைப் பற்றி யாரோ தீர்ப்பு எழுதிவிட்டதாக உணர்வார். மதம் இதை முன்பே அறிந்திருக்கிறது. எகிப்தின் காப்டிக் திருச்சபை தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்கெடுப்பு நடத்தி மூன்று பேராகச் சுருக்கிவிட்டு, அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. 2012 நவம்பர் 4 அன்று கெய்ரோ பேராலயத்தில் கண் கட்டப்பட்ட சிறுவன் ஒருவன் கண்ணாடிக் கலத்திலிருந்து ஒரு சீட்டை எடுக்க, இரண்டாம் தவாத்ரோஸ் தலைவரானார். தேர்ந்தெடுத்தது கடவுள் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கையை 1619லேயே தாமஸ் கேட்டக்கர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் உடைத்துப் பார்த்தார். சீட்டு விழுவது வெறும் தற்செயல், அதில் இறைவனின் தனிச்செய்தி எதுவும் இல்லை என்று அவர் எழுத, பக்திமான்கள் கொதித்தார்கள். அரசுக் கல்லூரி கேட்டக்கர் பக்கம்தான் நிற்க முடியும். அங்கே சீட்டின் பெருமை தெய்வத்தின் கை இருக்கிறது என்பதல்ல, எவர் கையும் இல்லை என்பது. வேடிக்கை என்னவென்றால் தோற்றவருக்கு இரண்டும் ஒரே ஆறுதலைத்தான் தருகின்றன.

கண் கட்டிய சிறுவனைப் படித்ததும் தமிழ் வாசகருக்கு இன்னொரு சிறுவன் நினைவுக்கு வருவான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கி.பி. 919, 921 ஆண்டுகளில், ஊர்ச்சபைக் குழுக்களுக்குப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆளெடுத்த குடவோலை முறை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் ஒரு பிள்ளைதான் ஓலையை எடுத்தான். அங்கேயும் முன்தகுதி உண்டு. வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதக் கல்வி. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை; அவன் உறவினருக்கும் இல்லை. பானைக்குள் கையைவிட்ட பிள்ளை அப்பழுக்கில்லாமல் நடுநிலை காத்திருப்பான். ஆனால் நிலமில்லாதவன் பெயர் பானைக்குள் போகவே வழியில்லை. குடவோலையைப் புகழ்பவர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

நர்சிங் குலுக்கலிலும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. சீட்டு நேர்மையானது, சீட்டில் பெயர் எழுதும் உரிமை இரண்டு மூன்று ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை காலை அனாட்டமி ஆய்வகத்துக்கு வர முடிந்தவருக்கு மட்டும். குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாதவர், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியாதவர், குலுக்கல் நாளுக்கு வெகு முன்பே உதிர்ந்துவிடுகிறார். புள்ளி முறை அவர் கஷ்டத்துக்குப் புள்ளி தரத் தயார், ஆனால் அவர் விண்ணப்பம் போடும் கட்டத்தையே எட்டவில்லை.

சீட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையிலான இந்த ஊசலாட்டம் நெதர்லாந்தில் ஒரு நாடே பார்க்க நடந்தது. மருத்துவப் படிப்புக்கு அங்கே 1970களிலிருந்து குலுக்கல். மதிப்பெண் கூடக்கூட வாய்ப்பும் கூடும்படி அமைத்திருந்தார்கள். 1990களில், பத்துக்கு 9.6 சராசரி வைத்திருந்த ஒரு மாணவி அடுத்தடுத்து மூன்று முறை குலுக்கலில் விழுந்தபோது நாடு கொந்தளித்தது. உச்ச மதிப்பெண்காரர்களுக்கு நேரடி இடம் கொடுத்தார்கள். 2017இல் குலுக்கலையே எடுத்துவிட்டு, தேர்வைக் கல்லூரிகளிடமே விட்டார்கள். நேர்காணலுக்கும் விண்ணப்பக் கடிதத்துக்கும் தனிப்பயிற்சி கொடுக்கும் கடைகள் முளைத்தன, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தோதாக அமைந்தது. 2023இலிருந்து கல்லூரிகள் விரும்பினால் மீண்டும் குலுக்கலாம்.

கலிஃபோர்னியக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை வழி ஒன்று உண்டு. படிப்பை முடிக்கப் போதிய தகுதி எதுவோ அதைக் கறாராக வரையறுத்துவிட்டு, மேலே உள்ளவர்களைச் சீட்டில் விடுவது. மாலையிலும் சனிக்கிழமையிலும் அனாட்டமி ஆய்வகங்களைத் திறப்பது. இரண்டாவது வேலைதான் கடினம், ஏனெனில் அதற்கு ஆசிரியர் வேண்டும். நர்சிங் வகுப்புகளே அந்தக் குறையால்தான் குறுகிக் கிடக்கின்றன. பாடம் நடத்தும் தகுதியுள்ள அனுபவசாலிச் செவிலியருக்கு மருத்துவமனையிலேயே கூடுதல் சம்பளம் கிடைக்கிறது. பயிற்சி தர வார்டுகளும் போதவில்லை. இளங்கலை, முதுகலை நர்சிங் படிப்புகளில் மட்டும் 2023இல் தகுதியிருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் 65,000க்கும் மேல் என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் கணக்குச் சொன்னது. சமுதாயக் கல்லூரிகளின் வாசலில் நிற்பவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.